அரண்மனை என்று எழுதினேன்

போன வாரம் சாந்தி வீட்டுக்கு வந்திருந்தாள். ஸ்டூடியோவில் நான் விட்டுவந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான். மில் பெண்களோடு மூன்று நாள் டூர் போகிறாளாம்.

"அக்கா, மெட்ராஸ்ல நீங்க எங்கெங்க நிக்க வச்சு எடுத்தீகன்னு ஒரு லிஸ்டு எழுதித் தாங்க. அண்ணாச்சியோட நோட்டை எலி கடிச்சுப் போட்டுருச்சு. ஒரு பக்கம் எழுதுனாப் போதும்" என்றாள்.

சென்னை என்று பெயர் மாற்றியது அவளுக்கும் இன்னும் நாக்கில் ஏறவில்லை. எனக்கும்தான்.

ஒரு பக்கம் எழுத நான்கு நாளாக முயல்கிறேன். மத்தியானம் குழந்தை தூங்கும் நேரம்தான் எனக்குக் கிடைக்கும் நேரம். கடற்கரை, மியூசியத்துச் சிவப்புக் கட்டிடம், ரயில் நிலையத்து மணிக்கூண்டு என்று வரிசையாக எழுதிக்கொண்டு வருகிறேன். ஒரு இடத்தில் கை நின்றுவிடுகிறது. அதைத் தள்ளிவிட்டு மேலே போனால் பொய் சொன்னது போல இருக்கிறது. எழுதினால், சண்முகக்கனி என்ற பெண்ணின் கல்யாணம் என் கையால் நின்றுபோன கதையையும் எழுதியாக வேண்டும். எழுதாமல் விடுவதுதான் அவளுக்கு நல்லதோ என்று நேற்றுவரை யோசித்தேன். அவளுக்கு எது நல்லது என்று நானே முடிவு செய்ததால் வந்த வினைதான் எல்லாம் என்பதால், எழுதிவிடுகிறேன்.

எனக்கு வயது முப்பத்திரண்டு. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள் என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் ஒன்பது வருஷம் பார்த்த வேலை முடிந்துதான் போயிற்று. வயிற்றில் பிள்ளை தங்கியபோது, இருட்டறையில் மருந்துத் தண்ணீரில் கை நனைக்க வேண்டாம் என்று டாக்டரம்மா சொன்னார். பிரசவத்துக்குப் பிறகு போகலாம் என்று இருந்தேன். குழந்தைக்கு முதலில் மூச்சிரைப்பு, அப்புறம் பால் குடிக்கவில்லை, அப்புறம் நடக்கத் தாமதம். ஆலங்குளம் சிமெண்ட் ஆலைக்கு ஷிப்டு வேலைக்குப் போகிற என் கணவர், "போறதுன்னா போ, நான் வேண்டாம்னு சொல்லல" என்றார். நான்தான் போகவில்லை.

பி.ஏ. படித்துவிட்டு டைப்ரைட்டிங் முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தபோது, ராஜபாளையத்தில் அந்த ஸ்டூடியோவில் பெண்களைப் படம் எடுக்க ஒரு பெண் வேண்டும் என்றார்கள். ரசீது எழுதப் போனவள், ஆறு மாதத்தில் பிலிம் கழுவினேன். ஒரு வருஷத்தில் கேமராவைக் கையில் கொடுத்தார்கள். கற்றுக்கொண்டதைப் பற்றி அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

முதலாளியை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். குள்ளமான மனிதர். கன்னத்தில் எப்போதும் ஒரு கிராம்பு அடங்கியிருக்கும். படம் நன்றாக இருக்கிறது என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. பிரிண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். சரியில்லை என்றால் மேஜையில் குப்புறப் போட்டுவிட்டு அடுத்ததை எடுப்பார். அவ்வளவுதான். குப்புறக் கிடக்கும் படங்களை எடுத்துக்கொண்டு மறுபடி இருட்டறைக்குள் போகவேண்டியது என் வேலை. அவர் மனைவி ஒருமுறை, "வாயைத் தொறந்து என்ன குறைன்னு சொன்னாத்தான் என்ன, கிராம்பு கீழ விழுந்துருமா?" என்று கேட்டார். அண்ணாச்சி அந்தக் கேள்வியையும் குப்புறப் போட்டுவிட்டார்.

வருஷத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு ஆலையின் பெண்கள் பஸ் பிடித்து மெட்ராஸுக்குப் போவார்கள். படம் எடுக்க அண்ணாச்சியும் அவர் மனைவியும் நானும் கூடப் போவோம். பஸ் நிற்கும் இடங்களுக்கெல்லாம் எங்கள் மூன்று பேரில் இரண்டு பேர் முன்னாலேயே போய்விட வேண்டும். நாற்பது பெண்கள் இறங்கி, சேலையைச் சரி செய்து, பூ வைத்துக்கொண்டு வரும்போது, எங்கே நிற்கவேண்டும் என்று தரையில் கோடு கிழித்திருக்க வேண்டும். டவுன் பஸ் ஏறி விடியற்காலையிலேயே சுற்றுவோம்.

எல்லோரும் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது அண்ணாச்சி கடலுக்கு முதுகைக் காட்டி நிற்பார். எந்தக் கட்டிடத்துக்குப் போனாலும் அப்படித்தான். படம் எடுக்கப்படுகிறவர் நிற்கப்போகும் இடத்தில் முதலில் அவர் போய் நின்று, எதிரே என்ன தெரிகிறது என்று பார்ப்பார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் காரணம் கேட்டேன்.

"நாம படத்துல கட்டடத்தைப் பாக்கோம். நிக்கிறவ எதைப் பாக்கா? எதிர்த்தாப்புல நாலு பயலுக பீடி குடிச்சுக்கிட்டுப் பல்லைக் காட்டுனா, அவ முகம் அடைச்ச கதவு மாதிரி ஆயிரும். முகம் எங்கருந்து வருதுன்னு நெனைக்க? எதிர்த்தாப்புல இருந்துதான் வருது."

அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியது அன்றைக்குத்தான்.

அவர் நோட்டில் பக்கத்துக்கு நான்கு கட்டம் போட்டிருப்பார். இடத்தின் பேர். வெயில் எத்தனை மணிக்கு எந்தப் பக்கம். பின்னால் என்ன. எதிரே என்ன. முதல் கட்டத்தைப் பக்கத்து டீக்கடையில் கேட்காமல் அவர் எழுதியதில்லை. "பாத்தாலே தெரியுதுல்லா அண்ணாச்சி, மியூசியந்தான்" என்றால்கூடப் போய்க் கேட்டுவிட்டு வருவார். அதற்கும் காரணம் இருந்தது. ஒவ்வொரு படத்தின் முதுகிலும் இடத்தின் பெயரை மையால் எழுதிக் கொடுப்பது எங்கள் ஸ்டூடியோவின் வழக்கம். "மெட்ராஸ், கடற்கரை" என்று எழுதியிருப்பதை, படத்தைப் பார்ப்பவர்கள் கட்டாயம் திருப்பிப் பார்ப்பார்கள். படம் மீனாட்சிபுரத்தில் எடுத்ததாக இருந்தாலும் முகம் அதேதான். ஆனால் முதுகில் மெட்ராஸ் என்று இருந்தால் அதற்கு ஒரு மதிப்பு. கல்யாணத்துக்குக் கொடுத்துவிடும் படமென்றால் கேட்கவே வேண்டாம்.

நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம், சத்திரப்பட்டி ரோட்டில் இருந்த பேண்டேஜ் துணி ஃபாக்டரியின் பெண்கள் டூர் கிளம்பினார்கள். அதில்தான் சண்முகக்கனி வந்தாள். இருபது வயது. மூட்டை கட்டும் பகுதியில் வேலை. பஸ் ஏறும்போதே அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "தாயி, இவளைத் தனியா ஒண்ணு நல்லா எடுத்துக் குடுங்க. திருவில்லிபுத்தூர்ல ஒரு இடம் தெகையுற மாதிரி இருக்கு. இரும்புக்கடை வச்சிருக்காக. ஸ்டூடியோவுக்குள்ள நிக்க வச்சா இது விறைச்சுப் போயிருது."

உண்மைதான். அதற்கு முன் ஸ்டூடியோவில் இரண்டு தடவை அவளை எடுத்து, இரண்டும் குப்புற விழுந்திருந்தன.

மெட்ராஸில் இரண்டாம் நாள் காலை. அண்ணாச்சிக்கு முதல் நாளே காய்ச்சல்; தங்கியிருந்த சத்திரத்தில் மனைவியோடு படுத்துவிட்டார். பஸ்ஸோடு நான் மட்டும் போனேன். வழியில் டயர் பஞ்சர். டிரைவர் ஜாக்கியை எடுத்துக்கொண்டு இறங்க, பெண்களும் இறங்கி டீக்கடைப் பக்கம் போனார்கள். சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு வாசலைப் பார்த்தேன்.

வெள்ளை வளைவு, இரண்டு பக்கமும் உருண்டைத் தூண்கள், தூணைச் சுற்றிக் காகிதப்பூக் கொடி. காலை ஏழரை மணி வெயில் சாய்வாக விழுந்து, வளைவுக்குள் நிழலும் வாசலில் வெளிச்சமுமாக இருந்தது. இப்படி ஒரு இடத்தை நோட்டில் எங்குமே பார்த்ததில்லை. இன்னும் கால் மணி நேரத்தில் வெயில் ஏறிவிடும். கனியைக் கூப்பிட்டேன்.

"இங்கயாக்கா?" என்று கேட்டாள்.

"ஆமா. செத்த நேரம் நில்லு, வெயில் போயிரும்."

அவள் வேறு ஏதோ சொல்ல வாயெடுத்தாள் என்று இப்போது தோன்றுகிறது. அப்போதும் தோன்றியிருக்குமோ, நான்தான் கண்டுகொள்ளவில்லையோ, தெரியவில்லை. எங்கள் கேமரா மேலிருந்து குனிந்து பார்க்கிற வகை. கண்ணாடியில் இடம் வலமாக மாறித் தெரியும். ஆளை நேராக வைப்பதற்குள் கழுத்து வலிக்கும். நான் குனிந்து சரி செய்துகொண்டிருந்தபோது கண்ணாடிக்குள் அவள் முகம் மாறியது. தலையைக் கொஞ்சம் திருப்பி எதையோ பார்த்தாள். கன்னம் லேசாக மேலேறியது. சிரிப்பு என்று சொல்ல முடியாது. பிள்ளை பரிசு வாங்குவதைத் தாய் பார்ப்பது மாதிரி ஒரு முகம். அமுக்கிவிட்டேன். அந்தச் சுருளில் அது ஏழாவது படம்.

அவள் நின்ற இடத்தில் போய் நின்று எதிரே என்ன என்று நான் பார்க்கவில்லை. டீக்கடையில் பெயர் கேட்கவில்லை. கேட்கப் போவதற்குள் டிரைவர் ஹாரன் அடித்துவிட்டார் என்று பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டேன். ஹாரன் அடித்தது உண்மை. அதற்கு முன் பத்து நிமிஷம் இருந்ததும் உண்மை.

ஊருக்கு வந்து கழுவிப் பார்த்தோம். பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். அண்ணாச்சியை அந்தக் காய்ச்சல் காமாலையில் கொண்டுபோய் விட்டது; இரண்டு மாதம் அவர் கடைக்கு வரவில்லை. எங்கள் நெகட்டிவ் சதுரம். போடும் படம் நீளவாக்கு. அதனால் பெரிதாக்கும்போது பக்கவாட்டில் வெட்டித்தான் ஆகவேண்டும். கனியின் படத்தில் இடது ஓரம் குப்பையாக இருந்தது. ஒரு போர்டின் முடிவு, அதற்குக் கீழே மூட்டை ஏற்றிய ஒரு தள்ளுவண்டி, மூட்டையில் ஏதோ கறை. எல்லாவற்றையும் வெட்டிவிட்டேன். தூணும் பூவும் கனியும் மட்டும் நின்றார்கள்.

முதுகில் எழுத வேண்டிய நேரம் வந்தது. இடத்தின் பெயர் தெரியாது. நெகட்டிவைத் திரும்ப எடுத்து, பூதக்கண்ணாடி வைத்து அந்தப் போர்டைப் பார்த்தேன். கடைசி இரண்டு எழுத்து மட்டும் சட்டத்துக்குள் விழுந்திருந்தது.

"மனை."

வளைவையும் தூண்களையும் பார்த்தேன். பழைய ஜமீன் மாளிகை போலத்தான் இருந்தது. பேனாவை எடுத்து "மெட்ராஸ், அரண்மனை" என்று எழுதினேன். மூன்று பிரதி, மூன்றிலும் எழுதினேன். அந்த இரண்டு எழுத்தில் முடியும் இன்னொரு சொல் எனக்குத் தெரியாதா? தினம் காதில் விழும் சொல்தான். எங்கள் தெருமுனையிலேயே போர்டு இருக்கிறது. ஆனால் அன்றைக்கு அது மனதில் வரவேயில்லை.

படத்தைப் பார்த்த ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்குப் பெண் பிடித்துப்போயிற்று. பார்க்க வருவதற்கு நாளும் குறித்தார்கள். அதற்குள் தேருக்காக மாப்பிள்ளையின் தாய்மாமன் மெட்ராஸிலிருந்து வந்தார். அவர் அங்கே பஸ் கண்டக்டர். படத்தைக் கையில் வாங்கி, முன்னால் பார்த்து, வழக்கம்போல் திருப்பிப் பார்த்தாராம்.

கனியின் அம்மா ஸ்டூடியோவுக்கு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அண்ணாச்சி அன்றைக்குத்தான் மறுபடி கடைக்கு வந்து, மெலிந்துபோய் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாள் படத்தை மேஜையில் வைத்து என்னைப் பார்த்துக் கேட்டார்.

"இது எந்த இடம் தாயி?"

"அரண்மனை மாதிரி…"

"மாதிரியா? சாதகம் சேரலன்னு சொல்லி விட்டுட்டாக. தரகன் பொறவு வந்து காதுல சொல்லுதான். இது குஷ்டரோகிக ஆஸ்பத்திரியாம். அந்த மாமன் தெனமும் பஸ்ஸுல அதைத் தாண்டித்தான் போறாராம். 'மருந்து வாங்கப் போன எடத்துல படத்தை எடுத்துட்டு, அரண்மனைன்னு எழுதி ஏமாத்தப் பாக்காக'ன்னு சொன்னாராம்."

அண்ணாச்சி படத்தை எடுத்தார். ஜன்னல் பக்கம் பிடித்து முன்னால் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். திருப்பி என் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு அதைக் குப்புறப் போடவும் முடியாமல் நிமிர்த்தி வைக்கவும் முடியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

அந்த அம்மாள் படத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனபிறகு கேட்டேன். "நான் போய்ச் சொல்லிட்டு வரட்டுமா அண்ணாச்சி? நெகட்டிவ் வரிசையைக் காட்டுனாப் புரிஞ்சுக்கிருவாக. ஆறாவது படம் கடற்கரை, எட்டாவது படம் மிருகக்காட்சிசாலை. நடுவுலதான் இது. டூர்ல போனவதான்னு தெரிஞ்சுரும்லா?"

"சாதகம்னு சொல்லிட்டாகள்லா?"

"ஆமா, ஆனா…"

"அது மருவாதியான வார்த்தை. அதோட விட்டுரு. நாலு மாசத்துல மறந்துருவாக. வேற இடம் வரும்."

அவர் சொன்னதில் எனக்குச் சம்மதமில்லை. தப்பு செய்தவள் நான். சும்மா இருப்பது இன்னொரு தப்பு என்று நினைத்தேன். வியாழக்கிழமை லீவு சொல்லிவிட்டு, நெகட்டிவ் வரிசையையும் டூர் படங்களையும் ஒரு கவரில் போட்டுக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன்.

தேர் நிலைக்கு வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது; ரதவீதியில் வடம் இழுத்த தடம் இன்னும் கிடந்தது. இரும்புக்கடைக்குப் பின்னாலேயே வீடு. மாப்பிள்ளையின் அம்மா என்னை உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். பக்கத்து வீட்டுக்காரம்மா ஒருத்தி ஏற்கெனவே அங்கே உட்கார்ந்து பயறு பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் போகட்டும் என்று கொஞ்சம் காத்திருந்தேன். போகிற மாதிரி தெரியவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று பேச ஆரம்பித்துவிட்டேன். பஞ்சர் ஆனது, வெயில் நன்றாக இருந்தது, பெயர் கேட்காமல் விட்டது, போர்டில் இரண்டு எழுத்து தெரிந்தது எல்லாவற்றையும் சொன்னேன். நெகட்டிவைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினேன். கனிக்கு எந்த நோயும் கிடையாது, கை கால் எல்லாம் நான் பார்த்திருக்கிறேன், ஒரு தழும்புகூட இல்லை என்றேன்.

அந்த அம்மாள் முழுக்கக் கேட்டுக்கொண்டார். நல்ல மனுஷிதான், கோபப்படவில்லை.

"உன்னைய ஆரும்மா அனுப்புனது?"

"ஆரும் அனுப்பலம்மா. நானாத்தான் வந்தேன்."

"படிச்ச பிள்ளையா இருக்க. ஒண்ணு கேக்கேன். நாங்க வெளியில ஆஸ்பத்திரின்னு ஒரு வார்த்தை சொன்னமா? சாதகம் சேரலன்னுதான சொல்லி விட்டோம். அந்தப் பிள்ளை நாளைக்கு வேறொரு வீட்டுக்குப் போகணும்லா, அதுக்குத்தான். இப்ப நீ வந்து நடுவீட்டுல உக்காந்துக்கிட்டு, குஷ்டம் இல்ல குஷ்டம் இல்லங்க."

பக்கத்து வீட்டுக்காரம்மாவின் கை சுளகுப் பயறில் அப்படியே நின்றிருந்தது. "ஆருக்கு? எந்த ஊருப் பிள்ளைக்கு?" என்று கேட்டாள்.

பெயரும் ஊரும் நான் ஏற்கெனவே நாலு தடவை சொல்லியிருந்தேன்.

தரகன் காதோடு சொன்ன விஷயம், ஒரு மாதத்துக்குள் பஸ் ஸ்டாண்டில் பேசுகிற விஷயமாயிற்று. எங்கே மாப்பிள்ளை கேட்டுப் போனாலும், யார் பெண் கேட்டு வந்தாலும், "அந்த ஆஸ்பத்திரிப் படத்துப் பிள்ளையா?" என்றார்களாம். படத்தைப் பார்க்காதவர்களுக்கும் படம் தெரிந்திருந்தது. அடுத்து வந்த இரண்டு இடமும் விட்டுப்போயின. கனியின் அப்பா அவளை ஃபாக்டரியிலிருந்து நிறுத்தினார். மூன்று பிரதியையும் அடுப்பில் போட்டார். மூன்று வருஷம் கழித்து, வ. புதுப்பட்டியில் மனைவியை இழந்த ஒருவருக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். தென்னந்தோப்பு, கிணறு, முதல் மனைவிக்குப் பிறந்த, ஏழு வயதும் நாலு வயதுமான இரண்டு பிள்ளைகள்.

இரும்புக்கடை வீட்டில் வாழ்ந்திருந்தால் அவள் நன்றாக இருந்திருப்பாளா? யாருக்குத் தெரியும். இப்படியெல்லாம் நினைத்து என்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்திருக்கிறேன். முடிந்ததில்லை.

நான் ஸ்ரீவில்லிபுத்தூர் போனது அண்ணாச்சிக்குத் தெரிந்துபோயிற்று. அன்றிலிருந்து நோட்டை அவர் என் கையில் கொடுக்கவில்லை. வேலையை விட்டு நிற்கிற அன்றைக்குக் கடைசியாக ஒரு காரியம் செய்தேன். பழைய நெகட்டிவ் பெட்டியைத் திறந்து, அந்தச் சுருளைத் தேடி எடுத்து, ஏழாவது படத்தை மட்டும் கத்தரியால் வெட்டினேன். யார் கையிலாவது மறுபடி கிடைத்து, பிரிண்ட் போட்டு, அவளுக்கு இன்னும் தொல்லை வந்துவிடக் கூடாது என்று நினைத்தேன். வயிற்றில் பிள்ளையோடு, அப்படி ஒன்றை விட்டுவிட்டுப் போகவும் பயமாக இருந்தது. வீட்டு அடுப்பில் வைத்ததும் சுருண்டு, கறுத்து, நாற்றமடித்து அடங்கிற்று. அன்றைக்கு மனது லேசாயிற்று. இதை மறைக்க வேண்டியதில்லை.

போன தை மாதம் ஒரு காலை, வாசலில் ஒரு பெண் நின்றாள். கையில் ஒரு பை தேங்காய். முதலில் அடையாளம் தெரியவில்லை. "கனிக்கா" என்றாள். அவளைவிட நான் மூத்தவள். பதற்றத்தில் தன் பெயரோடேயே அக்காவைச் சேர்த்துவிட்டாள். இருவரும் சிரித்தோம்.

என் மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். யாரிடமும் போகாத குழந்தை அவளிடம் பேசாமல் இருந்தது. அவளுக்கென்று பிறந்த பிள்ளை இல்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். அதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. காபி குடித்து முடித்தபிறகு வந்த காரியத்தைச் சொன்னாள்.

"அந்தப் படம் ஒண்ணு வேணும்க்கா. மெட்ராஸ்ல எடுத்தது. மூத்தவ பெரிய மனுசி ஆயிட்டா. 'கல்யாணத்துக்கு முந்தி நீங்க எப்படி இருந்தீக'ன்னு கேக்கா. என்கிட்ட ஒரு படமும் இல்ல. நெகட்டிவை எல்லாம் பத்திரமா வச்சிருப்பீகல்லா?"

நான் காபி டம்ளர்களோடு எழுந்ததை அவள் வேறு விதமாக எடுத்துக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரின்னு யோசிக்கீகளா? இப்ப எனக்கு என்னக்கா வந்துரப் போகுது. இன்னொண்ணு, அந்த ஓரத்தை வெட்டாமப் போட்டுக் குடுங்க. வண்டி இருக்கும்லா அதுல?"

"எந்த வண்டி?"

"மூட்டை வண்டி. எங்க ஃபாக்டரி மூட்டைக்கா. கொக்கு முத்திரை. நீல மையில நான்தான குத்துவேன், ஒரு நாளைக்கு எம்புட்டு மூட்டை. லாரில ஏத்துறதோட சரி, எங்க போகுது என்னாகுதுன்னு ஆருக்குத் தெரியும்? அன்னைக்கு நீங்க நிக்கச் சொன்னீக. திரும்புனா வண்டியில என் கொக்கு உக்காந்திருக்கு. கொஞ்சம் சாஞ்சு இருந்துச்சு. சாச்சுக் குத்துறது நான் மட்டுந்தான், அதுக்கு மேஸ்திரிகிட்ட ஏச்சு வாங்குவேன். ஏ, இம்புட்டுத் தூரம் வந்துட்டியான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நீங்க எடுத்துட்டீக."

பூதக்கண்ணாடியில் நான் கறை என்று நினைத்தது அதுதான்.

"அப்போ ஆஸ்பத்திரின்னு உனக்குத் தெரியுமா கனி?"

"பேண்டேஜ் துணி வேற எங்கக்கா போகும்? என்ன ஆஸ்பத்திரின்னுதான் தெரியாது. சொல்ல வந்தேன். நீங்க குனிஞ்சுக்கிட்டு இருந்தீக. பொறவு அரண்மனைன்னு எழுதியிருந்தீகல்லா, சிரிப்பு வந்துச்சு. படிச்சவுக எழுதுனாச் சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன். சம்பந்தம் நின்னப்ப வீட்ல சொன்னேன். 'தெரிஞ்சே போயி நின்னியாட்டி'ன்னு அப்பா அடிச்சாரு. அதோட வாயைத் தொறக்கல."

குழந்தை அவள் வளையலை உருட்டிக்கொண்டிருந்தது. நெகட்டிவைப் பூஞ்சை தின்றுவிட்டது என்று சொல்லலாம். மழையில் பெட்டி நனைந்துவிட்டது என்று சொல்லலாம். ஸ்டூடியோக்காரர்கள் வழக்கமாகச் சொல்வதுதான். சொல்ல வாய் வரவில்லை.

"எரிச்சிட்டேன் கனி."

"படத்தையா?"

"நெகட்டிவையே. உனக்கு இன்னும் எதுவும் வந்துரக் கூடாதேன்னுதான்."

குழந்தையின் விரல்களிலிருந்து வளையலை மெல்ல விடுவித்துவிட்டு அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லாக்கா" என்றாள்.

எனக்கு அழுகை வந்தது. அவள் முன்னால் அழுவது அவளைத் தேற்ற வைப்பதாகிவிடும் என்று உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். என்ன செய்வதென்று தெரியாமல், பீரோவிலிருந்து கேமராவை எடுத்தேன். "இப்ப ஒண்ணு எடுக்கட்டா? எங்க வேணும்னாலும் போவோம். நீயே இடம் சொல்லு."

"இப்ப எதைப் பாத்துக்கிட்டுக்கா நிக்க?" என்று சொல்லி, குழந்தையை என் கையில் கொடுத்தாள். பதினொன்றரை பஸ்ஸை விட்டால் அடுத்தது இரண்டு மணிக்குத்தான் என்றாள். தேங்காய்களை எடுத்து அடுக்களையில் வைத்துவிட்டு, வெறும் பையை மடித்துக்கொண்டு போய்விட்டாள்.

சாந்தி நாளை மறுநாள் வருவாள். அந்தப் பெட்டியில் ஏழாவது படம் இல்லாமல் ஒரு சுருள் இருப்பதை அவள் என்றைக்காவது பார்ப்பாள். லிஸ்டு கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. அண்ணாச்சி மாதிரியே நான்கு கட்டம் போட்டிருக்கிறேன். நின்றுபோயிருந்த வரியையும் இன்று மத்தியானம் எழுதிவிட்டேன்.

இடத்தின் பேர்: தொழுநோய் மருத்துவமனை வாசல். வெயில்: காலை ஏழரை, கால் மணி நேரம் மட்டும். பின்னால்: வெள்ளை வளைவு, தூண், காகிதப்பூ. எதிரே: தலையைக் கொஞ்சம் திருப்பினால் மூட்டை வண்டி, மூட்டையில் கொஞ்சம் சாய்ந்த நீலக் கொக்கு.

நீ போகும்போது அந்த வண்டி அங்கே இருக்காது, சாந்தி.